கிளட்ச் இல்லாத பிக்கப்பில் மலை இறங்கலாமா?

கேள்வி: "எனக்கு வயது 54. எலவனாசூர்கோட்டையை ஒட்டி நான்கரை ஏக்கர் இருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம், கொஞ்சம் மரவள்ளி. இருபது வருஷமாகக் கியர் வண்டிதான் ஓட்டுகிறேன். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் இருந்து திரும்பி வந்த மைத்துனர், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிவிடலாம் என்கிறார். மாதத்தில் இரண்டு மூன்று முறை வெள்ளிமலைக்கு ஏறி, லோடுடன் இறங்க வேண்டியிருக்கும். கியர் தானாகவே மாறும் என்றால், மலையில் வண்டி நம் கைக்குள் நிற்குமா? வீட்டில் பயப்படுகிறார்கள்."

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், எலவனாசூர்கோட்டை

பதில்: வீட்டில் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. ஏறுவதற்குப் பயப்பட வேண்டாம். கியர் மாற்றத் தெரியாமல் ஏற்றத்தில் வண்டியை அணைத்துவிட்டுப் பின்னால் உருளும் சிரமம் ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் கிடையாது. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். சமவெளியில் ஓட்டுவது போலவே குச்சியை 'டி'யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், வண்டி கைக்குள் நிற்காது. ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால் நிற்கும். அதை விரிவாகப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம்.

நம் பக்கத்துச் சாலைகளில் ஓடும் குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் பெரும்பாலும் கிளட்ச் வண்டிகள். டீசல் பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் என்றால், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ், 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றின் சில மாடல்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டிலும் ஆறு கியர். இவை இரட்டைக் கேபின் வண்டிகள். ஐந்து பேர் உட்கார இடம் இருக்கும், பின்னால் தொட்டி சிறியது. தோற்றத்தைப் பார்த்து பொலேரோ பிக்கப் தாங்கும் சுமையை இதுவும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் வெற்று வண்டியின் எடையும், சுமையுடன் சேர்ந்த மொத்த எடையும் கொடுக்கப்பட்டிருக்கும். ஒன்றில் இருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பதுதான் அனுமதிக்கப்பட்ட பாரம். அதில் ஓட்டுநரும் கூட வருபவர்களும் அடக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். டன் கணக்கில் மரவள்ளிக் கிழங்கு இறக்குவதுதான் வேலை என்றால் இந்த வண்டி அதற்கானது அல்ல. கிழங்குக்கு வாடகை வண்டி பிடிப்பதே லாபம். விதைக்குச்சி, உரமூட்டை, மோட்டார், குழாய், காய்கறிப் பெட்டி என்றால் தாராளமாகப் போதும்.

வெள்ளை போர்டு வண்டி என்றால் வாடகைக்கு லோடு அடிக்கக் கூடாது என்பதையும் மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் தட்டு செய்யும் வேலையை இப்படித்தான் எண்ணெய் செய்கிறது. இன்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழற்றி அடிக்க, கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி அந்த வேகத்தில் சுற்றுகிறது. இந்த உறுப்புக்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். வண்டி நிற்கும்போது எண்ணெய் நழுவிக்கொடுப்பதால் இன்ஜின் அணைவதில்லை. எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் முறை புதிதும் அல்ல. அமெரிக்காவில் 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் வந்துவிட்டது.

2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பிரபலமான ஏ.எம்.டி. வேறு வகை. அதில் பழைய கிளட்சும் பழைய கியர்பாக்ஸும்தான் இருக்கின்றன. கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் கருவி செய்கிறது. வாங்கப்போகும் வண்டி இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். ஏற்றத்தில் ஏ.எம்.டி. வண்டியை ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே நிறுத்தி வைத்தால் கிளட்ச் கருகிவிடும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் எண்ணெய் கொதிக்கும். இரண்டிலும் சரியான வழி ஒன்றே: நிற்கும்போது பிரேக்.

முற்றத்திலேயே ஆரம்பிக்கும் ஆபத்து

குச்சியில் நான்கு எழுத்துகள் இருக்கும். 'பி' நிறுத்தி வைக்க, 'ஆர்' பின்னால் போக, 'என்' நியூட்ரல், 'டி' முன்னால் போக. 'பி' அல்லது 'என்' இருந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். பிரேக்கை மிதித்தால்தான் குச்சி 'பி'யை விட்டு நகரும். இது எல்லோரும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வது.

கற்றுக்கொள்ளாமல் விடுவது வேறு. 'டி'யில் இருக்கும் வண்டியில் பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலே, ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே, வண்டி மெல்ல ஊர்ந்து முன்னால் போகும். எண்ணெய் விசிறி சும்மா இருக்காது. கியர் வண்டி ஓட்டிப் பழகியவர் என்ன செய்கிறார்? வயல் படலைத் திறக்க, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை ஒரு இழு இழுத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போதே இறங்கிப் போகிறார். அதே நினைப்பில் ஆட்டோமேட்டிக்கில் குச்சியை 'டி'யிலேயே விட்டு இறங்கினால், படலுக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்பவர் அவரேதான். முற்றத்தில் குழந்தைகள் விளையாடும் வீட்டில் இதைப் பற்றி வீட்டாரிடமும் சொல்லி வைக்க வேண்டும். இருக்கையை விட்டு எழுவதாக இருந்தால், அரை நிமிட வேலைக்கென்றாலும், 'பி'யில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியைத் திருகி அணைத்துவிட்டுத்தான் இறங்குவது என்று முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது இடது கால். இருபது வருஷம் கிளட்ச் மிதித்த கால் முதல் வாரத்தில் சும்மா இருக்காது. வேகம் குறைகிறது என்று தோன்றியதும் தானாகப் போய் எதையாவது மிதிக்கும். அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் பெடல்தான் இருக்கிறது. கிளட்சை மிதிக்கும் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி குத்திக்கொண்டு நிற்கும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். இடது காலைக் கதவுப் பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, வலது கால் ஒன்றினாலேயே இரண்டு பெடலையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலைக்கு வருவதற்கு முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத களத்து மேட்டிலோ ஏரிக்கரைப் பாதையிலோ நான்கைந்து நாள் ஓட்டிப் பழகுவது நல்லது. முழங்கால் வலிக்கு இந்த வண்டி நிச்சயம் ஆறுதல்தான். மடக்கி மிதிக்கும் வேலையே அந்தக் காலுக்கு இல்லை.

'பி'யை நம்பி வண்டியைச் சரிவில் விடுவதும் தவறு. அதற்குள் இருப்பது ஒரு பல்சக்கரத்தில் மாட்டும் சிறிய இரும்புக் கொக்கி. சரிவில் முதலில் 'பி' போட்டுவிட்டுப் பிரேக்கில் இருந்து காலை எடுத்தால், லோடுடன் சேர்த்து வண்டியின் பாரம் முழுவதும் அந்தக் கொக்கியில் தொங்கும். திரும்ப எடுக்கும்போது குச்சி வராது, இழுத்தால் 'டங்' என்று சத்தம் கேட்கும். பிரேக்கை மிதித்தபடி 'என்' போட்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, பிரேக்கை மெல்ல விட்டுப் பாரம் ஹேண்ட் பிரேக்கில் இறங்கியது தெரிந்த பிறகு, மறுபடி பிரேக்கை மிதித்து 'பி' போட வேண்டும். மலையில் இதோடு சக்கரத்துக்கு ஒரு கட்டையும் வையுங்கள். பழைய லாரிக்காரர்கள் கட்டை இல்லாமல் மலை ஏறமாட்டார்கள்.

இறக்கத்தில் 'டி' என்ன செய்யும்?

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஓடும் ஓட்டுநர்களுக்கு ஒரு விதி தெரியும்: ஏறின கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் ஏறின இடத்தை இரண்டாவது கியரிலேயே இறங்குவார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு வேலை குறையும். கியர் வண்டிக்காரருக்கு இது கை தானாகச் செய்யும் வேலை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குச் சாலை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வண்டியின் வேகமும், உங்கள் கால் ஆக்சிலேட்டரில் எவ்வளவு அழுத்துகிறது என்பதும்தான். இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கிறீர்கள். வேகமோ கூடிக்கொண்டே போகிறது. 'சுமையே இல்லை, சமவெளியில் நிம்மதியாகப் போகிறார்' என்று அது கணக்குப் போட்டு நான்கு, ஐந்து என்று மேல் கியருக்குப் போய்விடும். மேல் கியரில் இன்ஜினின் பிடி கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. இப்போது வண்டியைத் தடுப்பது பிரேக் மட்டும்தான். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து பிரேக் கட்டைகள் சூடேறுகின்றன. ஓரளவுக்கு மேல் சூடேறினால், எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது சீக்கிரம் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். மலையில் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொல்லப்படும் பல விபத்துகளில் பிரேக் திடீரென்று உடைந்திருக்காது. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெந்து வந்திருக்கும்.

புதிய வண்டிகள் சிலவற்றில், இறக்கத்தை ஓரளவு ஊகித்துத் தானே கியரைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. லோடு வண்டியில் அதை நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல.

அதனால் கியரை நீங்களே குறைக்க வேண்டும். 'டி'யில் இருந்து குச்சியைப் பக்கவாட்டில் தள்ளினால் 'எஸ்' அல்லது 'எம்' என்ற இடம் வரும். அங்கே கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். கழித்தல் பக்கம் ஒரு தட்டு தட்டினால் ஒரு கியர் குறையும். மீட்டர் பலகையில் எண் தெரியும். பழைய மாடல்களில் 'டி'க்குக் கீழே '3', '2', 'எல்' என்று இருக்கும். சில வண்டிகளில் அந்த எண் நீங்கள் பிடித்து வைத்த கியர். வேறு சிலவற்றில், 'இதற்கு மேல் போகாதே' என்ற வரம்பு. வண்டியோடு வரும் கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் உண்டு. பழைய வண்டி வாங்குபவர்கள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவதே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

எந்த எண்? கொண்டை ஊசி வளைவுகளுக்கு 2, நடுவில் வரும் நீளமான இறக்கத்துக்கு 3 என்பது ஆறு கியர் வண்டியில் பெரும்பாலும் ஒத்துவரும். லோடு கனமாக இருந்தாலோ மழை பெய்திருந்தாலோ இன்னும் ஒன்று குறைத்துக்கொள்ளலாம். சரியான கியரில் இருக்கிறோமா என்பதற்கு எளிய அடையாளம் உண்டு. பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் விட்டுப்பாருங்கள். வேகம் நிலையாக நின்றால் அது சரியான கியர். கூடிக்கொண்டே போனால் இன்னொன்று குறைக்க வேண்டும். இன்ஜின் உறுமும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, வண்டி கெட்டுவிடும் என்று பயந்து மறுபடி 'டி'க்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்.பி.எம். முள் சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அந்த உறுமலால் கெடுதல் இல்லை.

இதை எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே, மேட்டிலேயே, வேகம் குறைவாக இருக்கும்போது செய்துவிட வேண்டும். பாதி இறங்கி வேகம் பிடித்த பிறகு 2-க்குத் தட்டினால் கியர்பாக்ஸ் ஏற்காது. 'பீப்' சத்தம் போட்டுவிட்டு மேல் கியரிலேயே இருக்கும். அந்த வேகத்தில் 2 விழுந்தால் இன்ஜின் தாங்காது என்று அதற்குத் தெரியும். அப்படி மாட்டிக்கொண்டால் முதலில் பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும்.

கீழ் கியரில் இருந்தாலும் இடையிடையே பிரேக் தேவைப்படும். லேசாக மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதுமாக விடுங்கள். விடும் நேரத்தில்தான் பிரேக் ஆறும். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சூடான டிரம்மிலும் டிஸ்க்கிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். பெடல் உள்ளே போய்விட்டால் படபடவென்று பலமுறை மிதித்துப் பார்த்து, கியரைக் குறைத்துக்கொண்டே, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக ஒட்டி நிறுத்த முயல வேண்டும். ஓடும் வண்டியில் 'பி' போட்டால் கொக்கி கடகடவென்று அடிக்குமே தவிர வண்டியை நிறுத்தாது, உடைந்தும் போகலாம்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் 'என்' போட்டு விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இன்றைய டீசல் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் டீசல் செலுத்துவது நின்றுவிடும். 'என்' போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் எரியும். ஆக அதில் மிச்சமும் இல்லை, இன்ஜினின் பிடியும் இல்லை.

ஏற்றமும் சேறும்

ஏற்றத்தில் 'டி' பொதுவாகச் சரியாகவே வேலை செய்யும். லோடு அதிகமானால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அது மாறி மாறித் தடுமாறுவது தெரியும். ஒவ்வொரு மாற்றத்திலும் எண்ணெய் சூடேறுகிறது. அப்போது 'எஸ்' அல்லது 'எம்' பக்கம் தள்ளி 3-ல் பிடித்து வையுங்கள். கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தால் நிறுத்தி, 'பி'யில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் ஓடவிட வேண்டும். ஓடினால்தான் எண்ணெய் சுற்றி ஆறும். அணைத்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றும். இங்கே அது தவறு.

மழைக்காலத்தில் கரும்புக் கொல்லைப் பாதையில் சக்கரம் புதைந்தால், ஆக்சிலேட்டரை அழுத்தி 'டி', 'ஆர்' என்று மாற்றி மாற்றி உலுக்குவது கியர்பாக்ஸுக்கு நல்லதல்ல. சேற்றைத் தோண்டி, சக்கரத்தின் கீழ் சாக்கோ தென்னை மட்டையோ போட்டு, 2-ல் மெல்ல எடுத்துப் பாருங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் '4எல்' இருக்கும். அதைப் போட வண்டி முழுவதும் நின்று, குச்சி 'என்'இல் இருக்க வேண்டும். சேற்றில் இருந்து வெளியே வந்ததும் பழையபடி '2எச்' நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையுடன் ஓட்டினால் வளைவுகளில் உள்ளே உள்ள பாகங்கள் முறுக்கிக்கொள்ளும்.

பழைய வண்டியைப் பார்க்கும்போது

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் குறைகள் பாதி மறைந்துவிடும். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி 'பி'யில் இருந்து 'ஆர்', பிறகு 'டி' போட வேண்டும். ஒரு நொடிக்குள் மெல்லிய அசைவுடன் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டு 'டக்' என்று பிடித்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ஓட்டும்போது இன்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் கியர் வழுக்குகிறது. அந்த வண்டி வேண்டாம்.

கியர்பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்கென்று உள்ள எண்ணெய்க்குப் பெரும்பாலும் சிவப்பு நிறம். கறுத்து, கருகல் வாடை அடித்தால் வண்டி அளவுக்கு மீறி லோடு இழுத்திருக்கிறது. ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. கியர்பாக்ஸின் ஆயுள் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். 'இந்த எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று விற்பவர் சொன்னால், மலையும் லோடும் இல்லாத வண்டிக்கு அது ஒருவேளை பொருந்தலாம். கடினமான உபயோகத்துக்கு எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் தனியாக இருக்கும். அந்தக் கணக்கைப் பின்பற்றுங்கள். எந்த வகை எண்ணெய் என்று அதில் உள்ளதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். இந்த கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்க்கத் தெரிந்தவர் கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ இருக்கிறாரா என்று, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். பழுதுபார்க்கும் செலவு கிளட்ச் வண்டியைப் போல இருக்காது.

லைசென்ஸ் பற்றி: சிங்கப்பூரில் கிளட்ச் இல்லாத வண்டிக்கு '3ஏ' என்று தனி வகை லைசென்ஸ் உண்டு. அது மைத்துனரிடம் இருந்தாலும், இங்கே ஓட்ட இந்திய லைசென்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களிடம் இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தை ஓட்டத் தனியாக அனுமதி பெறத் தேவையில்லை என்று, 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்திவிட்டது. பின்தொட்டியில் ஆட்களை ஏற்றுவதற்கு மட்டும் எந்த லைசென்ஸும் இடம் கொடுக்காது. களை எடுக்க வரும் பெண்களை 'பக்கத்து ஊர்தானே' என்று ஏற்றி, ஏதாவது நேர்ந்துவிட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கும். நிலத்தை விற்றுத்தான் இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: "மின்சாரக் குட்டியானையிலும் கிளட்ச் இல்லையாமே, அது மலைக்கு ஏற்றதா?"

— வாசகர், சின்னசேலம்

பதில்: 2022-ல் அறிமுகமான டாடா ஏஸ் மின்வாகனத்தில் மாற்றுவதற்குக் கியரே இல்லை, ஒரே விகிதம்தான். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் மோட்டாரே டைனமோ போல வேலை செய்து, வண்டியைப் பிடித்து, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திருப்பும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்டரி நிரம்பி இருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடம் இருக்காது, அதனால் மோட்டாரின் பிடியும் குறைந்துவிடும். மலைமேல் முழுவதும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே லோடுடன் இறங்குவது அதனால் உசிதமல்ல. கொஞ்சம் இடம் விட்டு ஏற்றுங்கள். ஏறும்போது சமவெளியைவிட மிக வேகமாகச் சார்ஜ் இறங்கும். லோடுடன் ஒரு முறை ஏறிப் பார்த்து, எவ்வளவு இறங்கியது என்று குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த பயணங்களைத் திட்டமிடலாம்.

கேள்வி: "பேட்டரி இறங்கிவிட்டால் ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? கட்டி இழுக்கலாமா?"

— வாசகர், தியாகதுருகம்

பதில்: தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கியர்பாக்ஸுக்குள் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பம்பு இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜின் ஓடாதபோது எண்ணெய் அழுத்தம் கிடையாது. சக்கரம் சுற்றினாலும் அந்தச் சுற்று இன்ஜினுக்குப் போகாது. நல்ல ஜம்பர் ஒயர் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு வண்டியின் பேட்டரியில் இருந்து கொடுத்து எடுக்க வேண்டும். கட்டி இழுத்துக்கொண்டு போவதும் அதே காரணத்தால் கூடாது. எண்ணெய் ஓடாமல் உள்ளே உள்ள பாகங்கள் உராய்ந்து சில கிலோமீட்டரிலேயே பழுதாகலாம். மேலே ஏற்றிப் போகும் வண்டியை வரவழையுங்கள். பேட்டரி முழுவதும் இறங்கியிருந்தால் குச்சி 'பி'யை விட்டு வராது. பல வண்டிகளில் குச்சிக்குப் பக்கத்தில் சிறிய மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்து, பிரேக்கை மிதித்தபடி உள்ளே உள்ள பொத்தானைச் சாவியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ அழுத்தினால் 'என்'இக்கு வரும். அதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.